அக்கா ரவுண்டு

பல் டாக்டரின் கார் மூன்றாவது தடவையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது யார் முகத்திலும் ஈயாடவில்லை. பெயின்டர் மட்டும், தேய்த்துக்கொண்டிருந்த கதவிலிருந்து உப்புத்தாளை எடுக்காமலே, காரைப் பார்த்து, "வாம்மா, பேசாம இங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடேன்" என்றார்.

அறுபது வயதைத் தாண்டிய கார். பாலாடை நிறம், உருண்டை விளக்குகள், தாம்பாளம் அகலத்துக்கு மெல்லிய ஸ்டியரிங் வீல். டாக்டரின் அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கி நாற்பது வருஷம் ஓட்டியது. டாக்டரம்மா வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

"அக்கா, மறுபடியும் பிடிச்சுது."

பட்டறைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவள் அக்கா. கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி. புருஷன் ஆரம்பித்த பட்டறை. அவன் போன பிறகு இந்த ஆறு வருஷமாக இவளும் கொழுந்தனும் நடத்துகிறார்கள். கழற்றுவதும் பூட்டுவதும் கொழுந்தன் வேலை. முடிந்த வண்டியை ஓட்டிப் பார்த்து, போகலாம் என்று சொல்வது இவள் வேலை.

"எப்படிப் பிடிச்சுது டாக்டர்?"

"போன தடவை சொன்னேனே, அதே மாதிரிதான். திருப்பின வீல் திரும்பி வரலை. அந்தப் பக்கத்திலேருந்து யாரோ கை வெச்சுப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. வெடுக்குனு இழுத்தேன், வந்துடுச்சு. ஒரு செகண்டுதான். அந்த ஒரு செகண்டுல எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு."

"இங்கே ஓட்டினா ஒண்ணுமே தெரியலையே."

"அதான் எனக்கும் எரிச்சல். ராத்திரி பூரா பல்லு உயிரை வாங்குதுன்னு வருவாங்க. என் நாற்காலியில உட்கார்ந்ததும், இப்ப வலிக்கலை டாக்டர்ம்பாங்க. அந்த ஜாதி இந்த வண்டி." டாக்டர் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஒருவேளை வண்டியில ஒண்ணுமே இல்லையோ? என் தம்பி அதைத்தான் சொல்றான். உனக்கு ஓட்ட வரலை, வண்டி மேல பழியைப் போடறேங்கிறான். எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள விடற கை. இந்தக் கையை நம்ப முடியலைன்னா நான் எங்கே போறது?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகம் ஒட்ட வெட்டிய, சோப்பில் வெளுத்த கை.

"ஞாயித்துக்கிழமை அப்பாவை உட்கார வெச்சு ஒரு சுத்து கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். ஆபரேஷன் ஆனதிலேருந்து அவர் கேக்கற ஒரே விஷயம் அதுதான். இன்னைக்கு வெள்ளி. கோளாறு இருந்தா கண்டுபிடிங்க. இல்லேன்னா என்கிட்டதான் கோளாறுன்னு சொல்லிடுங்க, வித்துடறேன்."

டாக்டர் ஆட்டோ பிடித்துப் போனார். அவர் போனதும் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய ஜாப் கார்டை எடுத்தாள். எடுக்காமலே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். 'ஸ்டியரிங் எப்போதாவது பிடிக்கிறது. எங்கே: நெடுஞ்சாலை.' அவள் கையெழுத்து. ஆனால் டாக்டர் அன்றைக்கு நெடுஞ்சாலை என்று சொல்லவில்லை. அணை ரோடு என்றுதான் சொன்னார். அவள் காதில் தெளிவாக விழுந்தது. விழுந்ததைக் காதிலேயே நிறுத்தி வைத்துவிட்டுக் கை வேறொன்றை எழுதியது.

அணை ரோட்டில்தான் அவள் புருஷன் போனான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு கறுப்புக் கார், இதே வயசு. வேலை முடிந்து, ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனான். அப்போது ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. பட்டறையிலிருந்து பெட்ரோல் பங்க், அங்கே வலப்பக்கம் திரும்பினால் அணை ரோடு, அணை வரை போய்த் திரும்பி வருவான். அன்றைக்கு வரவில்லை. வளைவு முடிகிற இடத்தில் இருக்கும் வாய்க்கால் பாலத்தின் சுவரில் கார் மோதிக் கிடந்தது. தூங்கிவிட்டிருப்பான் என்றார்கள். முந்தின நாள் வேலை முடிய வெகுநேரம் ஆகியிருந்தது. அதனால் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். போலீசும் அதையே எழுதிக்கொண்டது.

அவளுக்கு மட்டும் தெரியும், அவன் தூங்கவில்லை என்று. அவன் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அவள்தான் போன் செய்தாள். பீரோ சாவியைக் காணவில்லை. முதல் நாளும் அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். "வண்டி ஓட்டிட்டிருக்கேன், வந்து பேசறேன்" என்றான். அவள் விடவில்லை. "நீங்க எதுக்குமே லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டு அவளே வைத்தாள். சாவி சாயங்காலம் தலையணை உறைக்குள் கிடைத்தது. அப்போது வீடு நிறைய ஆட்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றதை, பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

அந்தப் போனைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அது உண்மையா என்று மட்டும் சோதித்துப் பார்த்ததில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்கும் வேலை பிறகு அவளிடம் வந்தது. அவள் பங்க் முனையில் வலப்பக்கம் போகவில்லை, இடப்பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூடச் சுவர், மார்க்கெட்டின் பின்பக்கம், ரயில்வே கேட், ஆஸ்பத்திரித் தெரு, பட்டறை. பன்னிரண்டு நிமிஷம். பெயின்டர்தான் அதற்கு 'அக்கா ரவுண்டு' என்று பெயர் வைத்தார். "அக்கா ரவுண்டு போய்ட்டு வந்த வண்டி, ஆஸ்பத்திரியில சர்டிபிகேட் வாங்கின மாதிரி" என்பார். அந்த ரவுண்டில் இருந்த ஐந்து திருப்பமும் இடப்பக்கம்தான் என்பது அவளைத் தவிர ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கொழுந்தன் காருக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். நாற்பது வயது, ஒல்லி. பட்டறையில் அவனுக்கு நூல் என்று பெயர். சக்கரங்களின் ஓரமாக நூல் கட்டி அவை நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. பெயர் வந்ததற்கு அது பாதிக் காரணம்தான். சுவரில் காலண்டர் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. ஸ்பேனர்கள் அளவு வரிசையில், வாய் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். பெயின்டர் வேண்டுமென்றே ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்.

"என்னப்பா, ஏதாவது ஆப்பிட்டுதா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. பால் ஜாயின்ட் போன தடவையே புதுசு. கிரீஸ் எல்லா இடத்துலயும் இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸ்ல எண்ணெய் சரியா இருக்கு. வீல்ல இருந்த ஆட்டத்தையும் முதல் தடவையே எடுத்துட்டேன்." வீலை ஜன்னல் வழியே கை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். "பாருங்க. வீலை இம்மி அசைச்சா சக்கரம் கேக்குது. இதுக்கு மேல என்ன பண்ண? டாக்டருக்கு மனப்பிராந்தி."

"பொம்பளை சொன்னா பிராந்தி, ஆம்பளை சொன்னா கம்ப்ளைன்டு" என்றார் பெயின்டர் அங்கிருந்து.

"நீங்க உங்க கதவைத் தேயுங்கண்ணே." நூல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "அண்ணி, இன்னொரு தடவை ரவுண்டு போய்ட்டு வாங்க. ஒண்ணும் இல்லேன்னா சொல்லி அனுப்பிடலாம்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பங்க் வரை எல்லாம் வழக்கம்போல. கார் இதமாக முனகிக்கொண்டு போனது. முனைக்கு வருமுன் கை தானாக இடப்பக்க விளக்கைப் போட்டது. டிக் டிக் என்று அது அடித்துக்கொள்வதைக் கேட்டபடி அவள் பங்கின் ஓரமாகக் காரை நிறுத்தினாள்.

இடப்பக்கம் போனால் பன்னிரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடலாம். போய், வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. அவள் போகிற வழியில் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் தன் வெளுத்த கையைப் பார்த்து, கோளாறு இதில்தான் என்று முடிவுகட்டிவிடுவார். விற்றுவிட்டால் வாங்குகிறவன் அணை ரோட்டுப் பக்கம் போகாமலும் இருக்கலாம். விற்காமல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவரை ஏற்றிக்கொண்டு போனால்?

எத்தனை வண்டிகளை இப்படி அனுப்பியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள். ஆறு வருஷம். தன் துக்கம் தன்னோடு, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு மூலையில் கிடக்கிறது என்றுதான் எண்ணியிருந்தாள். அது இத்தனை நாளும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

விளக்கை அணைத்தாள். வலப்பக்க விளக்கைப் போட்டாள். திரும்பினாள்.

அணை ரோடு அவள் நினைவில் இருந்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், ஒரு செங்கல் சூளை, சைக்கிளில் இரண்டு பெண்கள். பிறகு மரங்கள் நின்று, தூரத்தில் தண்ணீர் தெரிந்தது. ரோடு அங்கிருந்து வலப்பக்கமாக வளைய ஆரம்பித்தது. அதை வளைவு என்றே சொல்ல முடியாது. நேர்ரோடு கொஞ்சம் சோம்பல் முறித்த மாதிரி, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மெல்ல மெல்லப் போகிற வளைவு. இதனால்தான் டாக்டருக்கு எந்தத் திருப்பம் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வளைவுக்கு வீலை ஒரு கட்டை விரல் அகலம் சாய்த்தால் போதும். அவள் சாய்த்து, அப்படியே பிடித்துக்கொண்டாள். வேகம் அறுபது. 

வளைவு முடிந்து ரோடு நிமிர்கிற இடம் வந்தது. வாய்க்கால் பாலம். எப்போதும் செய்வதுபோல, வீல் தானாக நிமிரட்டும் என்று கையைத் தளர்த்தினாள்.

நிமிரவில்லை.

டாக்டர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரோடு நேராகிவிட்டது, கார் இன்னும் வலப்பக்கம் போனது. பாலத்தின் வலப்பக்கச் சுவர், மற்ற இடத்தைவிட வெளுப்பாக ஒரு ஆள் நீளத்துக்குப் பூசிய புதுச் சிமென்ட், நேராக அவளை நோக்கி வந்தது. இரண்டு கையாலும் வீலை இழுத்தாள். ஏதோ ஒன்று விட்டது. கார் இடப்பக்கம் துள்ளி, தள்ளாடி, நேரானது. பாலத்தைத் தாண்டி மண்ணில் இறக்கி நிறுத்தினாள்.

வண்டியில்தான் கோளாறு, டாக்டர் கையில் இல்லை என்ற நினைப்பு முதலில் வந்தது. இரண்டாவது நினைப்பு உடனே வரவில்லை. அவள் இறங்கி, நடந்து போய், வெளுத்த சிமென்ட் அருகில் நின்றபோதுதான் வந்தது.

வலப்பக்கச் சுவர்.

வலப்பக்கம் வளைகிற ரோட்டில் ஒருவன் தூங்கிப்போனால், அல்லது போனைக் காதில் வைத்துக்கொண்டு வளைவைக் கவனிக்காமல் விட்டால், கார் நேராகப் போகும். நேராகப் போனால் இடப்பக்கம் பள்ளத்தில் இறங்கும். அவள் புருஷன் ஓட்டிய கார் வலப்பக்கச் சுவரில் மோதியிருந்தது. பதறி எழுந்து அதிகமாகத் திருப்பியிருப்பான் என்று போலீஸ்காரர் சொன்னதை அன்றைக்கு அவள் கேட்டாள், தலையாட்டினாள். பட்டறைக்காரி, சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ரோட்டை மனசுக்குள்கூட அவள் ஒரு தடவையும் ஓட்டிப் பார்த்ததில்லை.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று காலை, கறுப்புக் காரின் கதவைச் சாத்திவிட்டு நூல் தன் அண்ணனிடம் சொன்னது: "ஸ்டியரிங் ஆட்டம் பூரா எடுத்துட்டேண்ணா. சும்மா வெண்ணெய் மாதிரி இருக்கு."

அவளுக்குள் எதுவோ சட்டென்று இலேசானது. நான் இல்லை. என் போன் இல்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கியவன் ஒரு கணம் தள்ளாடுவானே, அப்படித் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த உடனேயே, தான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது உறைத்தது. இறக்கிய மூட்டையை எங்கே வைக்கப் பார்க்கிறாள் என்பதும். கூசிப்போய்க் கையை எடுத்தாள்.

திரும்பி ஓட்டிக்கொண்டு வரும்போது நினைத்துப் பார்த்தாள். நூலுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் இதே வேலையை டாக்டர் காரில் செய்திருக்க மாட்டான். மற்றவனாக இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு ஸ்பேனர் திரும்பிக் கிடந்தால் தாங்காதவன், தெரிந்தே ஒரு தப்பை இரண்டாம் தடவை செய்ய மாட்டான். ஆகவே அவனுக்குத் தெரியாது. இதுவரை தெரியாது. இன்னும் பத்து நிமிஷத்தில் அவள் பட்டறைக்குப் போய், கோளாறு இன்னது என்று சொன்னால், தெரிந்துவிடும்.

சொல்லாமல் கோளாறைச் சரிசெய்ய ஏதாவது வழி உண்டா என்று யோசித்தாள். பெட்ரோல் பங்க் வருமுன்பே, இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எங்கே அண்ணி போனீங்க? நாப்பது நிமிஷம் ஆச்சு" என்றான் நூல்.

"பிடிக்குது."

"எங்கே?"

"அணை ரோட்டுல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பெயின்டர் தேய்ப்பதை நிறுத்தினார். அவள், ஜாப் கார்டில் எழுதுகிற குரலில் சொன்னாள்: "நேரா இருக்கும்போது நல்லா இருக்கு. வலப்பக்கம் ஒரு கட்டை விரல் சாய்ச்சா அங்கே பிடிக்குது. அதைத் தாண்டிட்டா ஒண்ணும் இல்ல. திருப்பம் பெருசா இருந்தா அந்த இடத்தைச் சடார்னு தாண்டிடறோம், தெரியறதில்ல. அங்கேயே நிறுத்திப் பிடிச்சாத்தான் தெரியுது."

"வீல் மேல கட்டை விரலா?"

"ஆமா."

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். பாக்ஸுக்குக் கீழே, சக்கரங்களை இழுக்கிற இரும்புக் கையைக் கழற்றிவிட்டான். இப்போது வீலைத் திருப்பினால் சக்கரத்தின் கனம் தெரியாது. பாக்ஸ் மட்டும்தான் பேசும். உள்ளே உட்கார்ந்து இரண்டு விரலால் வீலை மெதுவாகச் சுற்றினான். நேர் நிலையில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கட்டை விரல் வலப்பக்கம் போனதும் விரல்கள் நின்றன. அழுத்தினான். கடக். தாண்டியது. திரும்பக் கொண்டுவந்தான். கடக்.

"தூ" என்றான் தன்னைத் தானே.

பிறகு அவன் செய்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வீலை இடக்கோடி வரை திருப்பி, அங்கிருந்து வலக்கோடி வரை சுற்றுகளை எண்ணினான். பாதியை எண்ணித் திரும்பி வந்து நிறுத்தினான். அதுதான் பாக்ஸின் உண்மையான நடு. அங்கே வீல் நேராக இல்லை. ஒரு கட்டை விரல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"முதல் தடவை வந்தப்போ வீல் கோணலா இருக்குன்னாங்க டாக்டர்" என்றான் மெதுவாக. "எனக்கும் பார்க்கச் சகிக்கலை. கீழே சக்கரத்தைப் பிடிச்சிருக்கற டை ராடை ரெண்டு பக்கமும் அளந்து திருப்பிச் சரி பண்ணியிருக்கணும். நான் வீலைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டினேன். நேராயிடுச்சு." நிறுத்தினான். "ஆட்டத்தை எடுக்கறப்போ, நடுவுல வெச்சுத்தான் எடுக்கணும். உள்ளே இருக்கற பல்லு நடுவுலதான் நெருங்கிக் கடிக்கும். நடுன்னு நான் வீலைத்தான் பார்த்தேன். நான் நேராக்கின வீலை நானே நம்பியிருக்கேன். அந்த இடத்துல ஆட்டமே இல்லாம இறுக்கினா, நிஜமான நடுவுல பல்லு கவ்விக்கிட்டு..."

கை வீலின் மேலேயே இருந்தது. அவன் கண் முன்கண்ணாடி வழியாகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் அது நடப்பதை அவள் பார்த்தாள். பாலத்துச் சுவரருகில் தனக்கு நடந்தது, எதிர்த்திசையில்.

"அண்ணி. அந்தக் கறுப்பு வண்டி."

கையை வீலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அதுக்கும் ஒரு பல் மாத்தினேன் அண்ணி."

பெயின்டர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, டீ வாங்கி வருவதாக முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் டீ குடிப்பதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

இப்போது பேசாமல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்ல வேண்டாம், குற்றம் சொல்ல வேண்டாம். இப்படியே நின்றால் எல்லாம் அவன் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மூட்டை எப்படி இருக்கும், எந்த நேரத்தில் கனக்கும், எந்தக் கையில் மாற்றிப் பிடித்தாலும் எங்கே அறுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அன்னைக்கு நான் போன் பண்ணேன் தம்பி" என்றாள். "அவர் ஓட்டிட்டிருக்கறப்போ. எடுத்தார். திட்டினேன். அதுக்கப்புறம்தான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன் பண்ணது." அவன் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. "ஸ்டேஷன்ல அண்ணன் சாமானை என்கிட்டதானே குடுத்தாங்க. போன் கண்ணாடி உடைஞ்சிருந்துது, ஆனா உசுரு இருந்துச்சு. சார்ஜ் போட்டுப் பார்த்தேன். கடைசி கால் நீங்க. நாப்பத்தோரு செகண்டு. உங்ககிட்ட, அது செத்துப்போச்சுன்னு சொல்லிக் குடுத்தேன். தூங்கிட்டார்னு போலீஸ்ல சொன்னதும் நான்தான்."

அவள் பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். நாற்பத்தோரு செகண்டு. அது எவ்வளவு நேரம் என்று அவளுக்கே இதுவரை தெரியாது. மனசுக்குள் அது எப்போதும் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு வருஷமா தெரியுமா உனக்கு?"

"ம்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லி? நீங்க இருந்த இருப்புல அதையும் தூக்கி உங்க தலையில போடவா?"

என்னைக் காப்பாற்ற மறைத்தானா? அல்லது, ஆறு வருஷமும் தினம் காலையில் என் கையிலிருந்து பட்டறைச் சாவியை வாங்கும்போது, இவள்தான் என் அண்ணனைக் கொன்றவள் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டுதான் வாங்கினானா? அவன் குரலில் இரண்டும் இருந்தன. எது கூட, எது குறைச்சல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கே முடியுமா என்றும் தெரியவில்லை. நிறைய மன்னித்துவிட்டவனின் முகமும் நிறையச் சுமந்தவனின் முகமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது.

"அந்த பாக்ஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்கே இருக்கு. வண்டியையே அப்போவே உருக்கப் போட்டாச்சு."

"அப்போ தெரியாது."

"தெரியாது" என்றான். கொஞ்சம் கழித்து, "இனிமே தெரியாது" என்றான்.

பிறகு அவள் எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், கோளாறு கிடைச்சிருச்சு. உங்க கையில ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னது ஒண்ணுவிடாம சரி."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "வண்டியிலதானே?"

"எங்க வேலையில. வீலை நேராக்கறேன்னு ஒரு பல் தள்ளி மாட்டி, தப்பான இடத்துல இறுக்கிட்டோம். போன தடவையே நீங்க அணை ரோடுன்னு சொன்னீங்க. நான் அங்கே போய்ப் பார்க்கலை. பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு."

"ஒரு பல்லுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். விளையாட்டாகச் சொல்லப் பார்த்தார். "அக்கா, அந்த ரோட்டுல நேத்து பின்சீட்டுல என் பொண்ணு இருந்தா."

"தெரியாது டாக்டர்."

"உங்களைப் பயமுறுத்தச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை எடுக்கலாமா, அதைச் சொல்லுங்க."

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள். ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போனை வைத்துவிட்டு வந்தபோது நூல் வீலைக் கழற்றியிருந்தான். பாக்ஸின் தண்டில் நடு எது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தான். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அவன் அதை அழித்து வேறு போடவில்லை. இறுக்கியிருந்த திருகைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, ஒரு மயிரிழை ஆட்டத்தை விட்டு மறுபடி இறுக்கினான். டை ராடுகளை அளந்து இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினான். நூல் கட்டிப் பார்த்தான். டார்ச்சை எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அவள் அடித்துக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு முடிந்தது. சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, "நீயும் ஏறு" என்றாள்.

பங்க் முனையில் வலப்பக்கம் திரும்பினாள். செங்கல் சூளை, மரங்கள், தண்ணீர். வளைவு ஆரம்பித்ததும் அவன் தன்னையறியாமல் டாஷ்போர்டில் கை வைத்துக்கொண்டான். கட்டை விரல் அகலம் சாய்த்து, அங்கேயே பிடித்தாள். ஒரு கிலோமீட்டர். பாலம் வந்தது. வெளுத்த சிமென்ட் வந்தது. கையை முழுக்க விட்டாள்.

வீல் தானாக, அவசரமில்லாமல், நிமிர்ந்தது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள். இருவரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"சரியாயிடுச்சு" என்றான் அவன்.

"ஒரு தடவை வந்தா சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. பழுதா இருந்தப்பவும் நூறு தடவைக்குத் தொண்ணூத்தொன்பது தடவை வந்துட்டுதான் இருந்துச்சு."

காரைத் திருப்பி, வளைவின் ஆரம்பத்துக்குப் போய், மறுபடி வந்தாள். நிமிர்ந்தது. மறுபடி போனாள். நிமிர்ந்தது. நாலாவது தடவை, பாலத்தைத் தாண்டியபோது, டாஷ்போர்டிலிருந்து கையை எடுக்காமலே அவன் கேட்டான்:

"எத்தனை தடவை போனா போதும் அண்ணி?"

அவள் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வீலைச் சுற்றிக் காரைத் திருப்பினாள்.